இரு போர்களுக்கு இடைப்பட்ட அமெரிக்கா: மூன்று இலவச இணையக் காப்பகங்கள் பற்றிய மதிப்புரை

முதல் உலகப் போர் முடிந்ததற்கும் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதற்கும் இடைப்பட்ட அமெரிக்காவைத் தமிழில் படிக்க முனைபவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பாடநூல்களின் சில பக்கங்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளின் குறிப்புகளும்தான். 1929 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது, 1933-இல் ரூஸ்வெல்ட் பதவியேற்றார், நியூ டீல் என்ற பொருளாதார மீட்புத் திட்டங்கள் தொடங்கின, அமெரிக்கா உலக விவகாரங்களிலிருந்து ஒதுங்கியிருந்தது என்று நான்கு வாக்கியங்களில் இருபது ஆண்டுகள் கடந்துபோய்விடுகின்றன. முதல் மூன்றும் சரியானவை. நான்காவது பாதி மட்டுமே சரி. ஆனால் எந்த நான்கு வாக்கியங்களாலும் சொல்லிவிட முடியாத காலம் அது. அதை மூல ஆவணங்களிலிருந்தே அறிந்துகொள்ள விரும்புவோருக்காக, நான் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் மூன்று இணையச் சேவைகளை இங்கே மதிப்பிடுகிறேன். வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகப் புகைப்படத் தொகுப்பு, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் செயின்ட் லூயிஸ் வங்கி நடத்தும் ஃப்ரேசர் என்ற பொருளாதாரக் காப்பகம், அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றாளர் அலுவலகம் வெளியிடும் வெளியுறவு ஆவணத் தொகுதிகள் ஆகியவையே அவை. மூன்றுக்கும் கட்டணமில்லை. படிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதுமில்லை.

இவற்றை நான் மதிப்பதற்குக் கட்டணமின்மை மட்டும் காரணமன்று. ஓர் அரசும் அதன் நிறுவனங்களும் தம் தவறுகளுக்கான சாட்சியத்தைத் தாமே சேகரித்து, அழிக்காமல் காத்து, உலகின் எந்த மூலையில் இருப்பவரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து வைத்திருக்கின்றன என்பதே இந்த மூன்றின் பெருஞ்சிறப்பு. ஒன்றை மட்டும் படித்தால் அரசு காட்ட விரும்பியதை மட்டுமே காண நேரும். மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும்போதுதான் அது காட்ட விரும்பாததும் தெரியவரும்.

புகைப்படத் தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன். 1935-இல் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல் தலைமையில் மீள்குடியேற்ற நிர்வாகம் என்ற அமைப்பு உருவானது. 1937-இல் அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறியது. வறிய உழவர்களுக்குக் கடன் கொடுப்பதும், இடம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு முகாம் அமைப்பதும் அதன் வேலைகள். அந்த வேலைகளுக்கு நாட்டின் ஆதரவைத் திரட்டுவதற்காக ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் பொறுப்பில் ஒரு புகைப்படப் பிரிவு இயங்கியது. டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டீன், பென் ஷான், ரஸ்ஸல் லீ, மேரியன் போஸ்ட் வோல்காட், ஜான் வேக்கன், ஜாக் டெலானோ முதலானோர் நாடெங்கும் அனுப்பப்பட்டனர். 1942-இல் போர்த் தகவல் அலுவலகத்தோடு இணைந்து, 1944-இல் காங்கிரஸ் நூலகத்தை வந்தடைந்த அத்தொகுப்பில் இன்று சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களும் ஏறத்தாழ 1,600 வண்ணப் படங்களும் உள்ளன. அரசு ஊழியர்கள் அரசுப் பணிக்காக எடுத்த படங்கள் என்பதால் இவற்றின்மீது அறியப்பட்ட உரிமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லையென நூலகம் அறிவித்திருக்கிறது. சிறிய அளவிலிருந்து அச்சுக்கு ஏற்ற பெரிய டிஃப் கோப்பு வரை தரவிறக்கிக்கொள்ளலாம். இதே படங்களை நீர்க்குறியிட்டு விலைக்கு விற்கும் வணிகத் தளங்களும் இணையத்தில் உண்டு. ஆசிரியர்களும் சிறு பத்திரிகை நடத்துவோரும் அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

இத்தொகுப்பில் உலகம் அறிந்த படம் ஒன்று உண்டு. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், உறைபனியால் பட்டாணிப் பயிர் பாழாகி வேலை இழந்த தொழிலாளர் முகாமில், முப்பத்திரண்டு வயதுத் தாய் ஒருவரை டோரதியா லாங் எடுத்த படம் அது. இரு குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோள்களில் சாய்ந்திருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை, தாயின் கை கன்னத்தைத் தொட்டு நிற்கிறது. இந்தப் படத்தை எங்கும் காணலாம். ஆனால் நூலகத் தளத்தில் மட்டும் கிடைக்கும் வசதி ஒன்றுண்டு: ஒரு படத்தின் பதிவெண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை வரிசையாகப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது அந்தப் புகழ்பெற்ற முகத்துக்கு முந்தைய கணங்கள் வெளிப்படுகின்றன. சற்றுத் தள்ளி நின்று எடுத்த கிழிந்த கூடாரம், மண்ணில் கிடக்கும் பெட்டி, பாலூட்டும் தாய், பின்னால் நிற்கும் மூத்த மகள் என்று படிப்படியாகக் கேமரா நெருங்கி வருகிறது. சட்டகத்தின் வலது கீழ்மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் பின்னாளில் அழிக்கப்பட்டது. அது அழிக்கப்படாத பிரதியும் அழிக்கப்பட்ட பிரதியும் இரண்டுமே நூலகத்தில் கிடைக்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரை அன்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அவர் ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனத்தவர் என்பது 1970-களின் இறுதியில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒரு நாட்டின் வறுமைக்கு அடையாளமாக நின்ற முகத்தின் உரிமையாளர் யார் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பொதுவெளியில் யாரும் அறியாமல் இருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

வரிசையாகப் பார்ப்பதில் இன்னொன்றும் தெரியவரும். சில படங்களின் நடுவே வட்டமான கரும்புள்ளி ஒன்று இருக்கும்; சில சமயம் அது ஒரு மனிதரின் முகத்தின்மீதே விழுந்திருக்கும். தனக்கு வேண்டாதவை என்று கருதிய நெகட்டிவ்களில் தொடக்க ஆண்டுகளில் ஸ்ட்ரைக்கர் துளையிட்ட தடம் அது. அந்தத் துளையிட்ட படங்களையும் நூலகம் ஒளித்து வைக்கவில்லை. தலைப்பில்லாத படம், இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்ற குறிப்போடு அவையும் தேடலில் வருகின்றன. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று ஓர் அரசு அலுவலகம் எடுத்த முடிவைக் கண்ணால் காண்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

பொருளாதாரமும் சமூகமும் ஒரே சட்டகத்தில் சந்திக்கும் படமாக நான் வகுப்பில் எப்போதும் காட்டுவது 1938 ஜூனில் டெக்சாஸின் சில்ட்ரஸ் மாவட்டத்தில் லாங் எடுத்த ஒன்றை. டிராக்டர் உழுத சால்கள் வளைந்து வளைந்து வந்து, ஆளில்லாத ஒரு மரவீட்டின் வாசல் வரை சென்று முட்டுகின்றன. வீட்டைச் சுற்றி நடக்கக்கூட நிலம் விடப்படவில்லை. இயந்திர வேளாண்மை குத்தகைதாரர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுகிறது என்பதுதான் படக்குறிப்பின் சாரம். இதன் பின்னணி 1933 மே மாதத்தின் வேளாண் சரிசெய்தல் சட்டம். விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்ததால், சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு விதைத்திருந்த பருத்தியிலும் சுமார் ஒரு கோடி ஏக்கர் உழுது அழிக்கப்பட்டது. பணம் நிலவுடைமையாளரின் கைக்குப் போனது. குத்தகைதாரருக்கும் வாரதாரருக்கும் உரிய பங்கு சேர்வதை உறுதிசெய்யும் ஏற்பாடு பலவீனமாக இருந்தது. குறைக்கப்பட்ட நிலத்துக்குக் குத்தகைதாரர் தேவைப்படவில்லை. கிடைத்த பணத்தில் டிராக்டர் வாங்க முடிந்தது. குத்தகைதாரர்களுக்குப் பாதுகாப்புத் தர முயன்ற ஜெரோம் ஃபிராங்க் உள்ளிட்ட அத்துறைச் சட்ட அலுவலர்கள் 1935 பிப்ரவரியில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். லாங் அந்தப் படத்தை எடுத்தபோது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் அதே வேளாண் துறையின் கீழ்தான் இருந்தது. ஒரு துறையின் கொள்கை துரத்திய மக்களை அதே துறையின் ஊதியத்தில் இருந்தவர் பதிவு செய்திருக்கிறார். இந்தத் தொகுப்பு வெறும் பிரசாரம் என்று சொல்வோரிடம் நான் எடுத்துவைக்கும் பதில் இந்தப் படம்தான்.

நிறவெறியைப் பொறுத்தவரையும் இது துணிச்சலான தொகுப்பே. 1939-இல் ஓக்லஹோமா நகரத்து டிராம் நிலையத்தில், கறுப்பின மக்களுக்கென்று எழுதி ஒதுக்கிய தண்ணீர்க் குழாயில் ஒருவர் நீர் அருந்துவதை ரஸ்ஸல் லீ எடுத்திருக்கிறார். அதே ஆண்டு மிசிசிப்பியின் பெல்சோனியில், திரையரங்கின் வெளிப்புறப் படிக்கட்டில் ஏறித் தனி வாசல் வழியே போகும் ஒருவரை மேரியன் போஸ்ட் வோல்காட் எடுத்திருக்கிறார். அன்றைய படக்குறிப்புகள் அன்றைய சொற்களிலேயே இருப்பதால், இன்றைய மதிப்பான சொற்களில் தேடினால் பல படங்கள் சிக்காமல் போகும். அக்காலத்தில் அச்சிலிருந்த சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் கொண்டு தேடவேண்டும். மாவட்ட வாரியாகப் பார்க்க விரும்புவோருக்கு, யேல் பல்கலைக்கழகத்தினர் இதே படங்களை வரைபடத்தில் பொருத்தி உருவாக்கிய ஃபோட்டோகிராமர் தளம் கைகொடுக்கும்.

குறை என்று நான் கருதுவது கால எல்லை. தொகுப்பு 1935-இல்தான் தொடங்குகிறது. 1920-களின் கார்களும் தவணைக் கடன்களும் வானொலியும் இதில் இல்லை. 1932 ஜூலையில், போனஸ் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்ட முன்னாள் படைவீரர்களை ராணுவம் விரட்டியடித்த காட்சியும் இதில் இல்லை. ரூஸ்வெல்ட்டுக்கு முன் அதிபராயிருந்த ஹூவர் ஆட்சியின் கடும் ஆண்டுகள் முழுவதும் வெளியே நிற்கின்றன. பெருமந்தம் என்றாலே புழுதியும் பழைய டிரக்கும் நம் நினைவுக்கு வருவதற்கு இத்தொகுப்பின் இந்தச் சாய்வும் ஒரு காரணம். நகரத் தொழிற்சாலைகளின் வேலையின்மை இதில் குறைவாகவே பதிவாகியுள்ளது.

அந்தக் குறையை இட்டு நிரப்புவது ஃப்ரேசர். 2004-இல் தொடங்கப்பட்ட இக்காப்பகம், ஃபெடரல் ரிசர்வின் மாத இதழ்களையும் ஆண்டறிக்கைகளையும், நாடாளுமன்ற விசாரணைப் பதிவுகளையும், சட்டங்களின் மூலப் பாடங்களையும், அக்கால வணிக இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைத்திருக்கிறது. இது புகைப்படங்களைப் போல உடனே மனத்தைத் தொடுவதன்று. அட்டவணைகளை வாசிக்கும் பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. 1914 முதல் 1941 வரையிலான வங்கி, பணப் புள்ளிவிவரங்களை ஃபெடரல் ரிசர்வ் வாரியம் 1943-இல் ஒரே தொகுதியாக வெளியிட்டது. அதில் மூடப்பட்ட வங்கிகளின் அட்டவணையைப் பார்த்தால், 1930-இல் சுமார் 1,350, 1931-இல் சுமார் 2,300, 1932-இல் சுமார் 1,450, 1933-இல் சுமார் 4,000 வங்கிகள் கதவடைத்திருப்பது தெரியும். இவை பலரும் அறிந்த எண்ணிக்கைதான். கண்ணை நிறுத்த வேண்டிய இடம் அதற்கு முந்தைய வரிகள். செழிப்பின் காலம் என்று புகழப்படும் 1921 முதல் 1929 வரையிலேயே 5,000-க்கும் மேற்பட்ட வங்கிகள், பெரும்பாலும் சிற்றூர்களைச் சார்ந்த சிறு வங்கிகள், மூடப்பட்டிருக்கின்றன. போர்க்காலத்தில் ஏறிய தானிய விலையை நம்பிக் கடன் வாங்கி நிலம் வாங்கிய உழவர்கள், 1920-இல் விலை சரிந்தபின் மீளவே இல்லை. உபரி விளைச்சலை அரசே வாங்கிக்கொள்ள வழிசெய்த மசோதாக்களை அதிபர் கூலிட்ஜ் 1927-இலும் 1928-இலும் மறுத்துவிட்டார். கிராமப்புற அமெரிக்காவுக்கு மந்தம் 1929-இல் தொடங்கவில்லை என்பதை அந்த ஓர் அட்டவணை நிறுவிவிடுகிறது.

இதே நிறுவனத்தின் துணைச் சேவையான ஃப்ரெட் தளத்தில், 1919 ஜனவரி முதல் மாதந்தோறும் தொழில் உற்பத்திக் குறியீடு வரைபடமாகக் கிடைக்கிறது. 1929 கோடையிலிருந்து 1932 கோடை வரை கோடு பாதியாக இறங்குவதையும், 1933 வசந்தத்தில் திடீரென எழுவதையும், 1937-38-இல் மீண்டும் செங்குத்தாக விழுவதையும் மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். அந்த இரண்டாம் வீழ்ச்சிக்கான காரணங்களில் ஒன்று, வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய இருப்பு விகிதத்தை ஃபெடரல் ரிசர்வ் 1936 ஆகஸ்டுக்கும் 1937 மேக்கும் இடையில் இரட்டிப்பாக்கியது. அந்த முடிவை அறிவித்த இதழ்களை அந்த வங்கி அமைப்பின் காப்பகத்திலேயே படிக்கலாம். 1931 செப்டம்பரில் நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்கத் திட்டத்திலிருந்து பிரிட்டன் விலகியதும், டாலரைக் காப்பதற்காக நியூயார்க் ரிசர்வ் வங்கி அக்டோபரில், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான தள்ளுபடி வட்டியை 1.5 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதமாக உயர்த்தியது. வங்கிகள் கொத்துக்கொத்தாக விழுந்துகொண்டிருந்தபோது கடனின் விலை ஏற்றப்பட்டது. இதுவும் அங்கே மறைக்கப்படாமல் இருக்கிறது.

ஃப்ரேசரில் எதையாவது ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்பவர், பங்குச் சந்தை நடைமுறைகள் குறித்த செனட் விசாரணையின் 1933-ஆம் ஆண்டுப் பதிவுகளைத் திறக்கட்டும். வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பெக்கோரா கேள்வி கேட்கிறார். நேஷனல் சிட்டி வங்கியின் தலைவர் சார்லஸ் மிட்செல் பதில் சொல்கிறார். சிக்கனமான சிறு கேள்விகள். பெரும்பாலும் ஒற்றை வரிப் பதில்கள். அப்படியே நடந்து நடந்து, மிட்செல் 1929-இல் தம் வங்கிப் பங்குகளை மனைவிக்கு விற்றதாகக் கணக்குக் காட்டி, இருபத்தெட்டு லட்சம் டாலர் அளவுக்கு நட்டம் பதிவுசெய்து, வருமான வரி கட்டாமல் தவிர்த்தது அவர் வாயாலேயே வெளிவருகிறது. சில நாட்களில் அவர் பதவி விலகினார். பின்னர் நடந்த குற்ற வழக்கில் விடுவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வணிக வங்கியையும் முதலீட்டு வங்கியையும் பிரித்த அதே ஆண்டின் கிளாஸ்-ஸ்டீகல் சட்டத்துக்கும், அடுத்த ஆண்டு பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் அமைந்ததற்கும் மக்கள் மனநிலையைத் தயாரித்தவை இந்தக் கேள்விபதில்களே. சட்ட மாணவர்களுக்குக் குறுக்கு விசாரணையின் இலக்கணமாகவும் இவை பயன்படும்.

மூன்றாவது சேவையான வெளியுறவு ஆவணத் தொகுதிகள் 1861 முதல் வெளிவருபவை. ஒவ்வோர் ஆண்டுக்கும் சில தொகுதிகள். நாடு வாரியாகவும் பொருள் வாரியாகவும் பகுக்கப்பட்டவை. தளத்திலேயே படிக்கலாம், பல தொகுதிகளை மின்னூலாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கைப்பேசியில் படிப்போருக்கு மூன்றில் மிக வசதியானது இதுதான். ஒவ்வொரு தந்தியின் தலைப்பிலும் அனுப்பிய ஊர், நாள், நேரம், வாஷிங்டனில் பெறப்பட்ட நேரம் ஆகியவை இருக்கும். ஒரு நெருக்கடி எந்த வேகத்தில் நகர்ந்தது, முடிவெடுத்தவருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை இந்த இரு நேரங்களுக்கும் இடைப்பட்ட வெளி காட்டும். பல தந்திகள் சொல்லுக்குச் சொல் தரப்படாமல் மாற்றுச் சொற்களில் எழுதப்பட்டிருக்கும். அதற்கான குறிப்பும் மேலே இருக்கும். அக்கால ரகசியக் குறியீடுகளைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

அமெரிக்கா ஒதுங்கியிருந்தது என்ற வாக்கியத்தை இத்தொகுதிகள் நிலைகுலையச் செய்கின்றன. லீக் ஆஃப் நேஷன்ஸில் அது சேரவில்லை என்பது உண்மை. ஆனால் 1921-22-இல் வாஷிங்டனில் கடற்படை மாநாட்டைக் கூட்டிப் போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டியது அமெரிக்காதான். ஹைட்டியில் அதன் கடற்படை வீரர்கள் 1915 முதல் 1934 வரை இருந்தார்கள். நிகரகுவாவை விட்டு 1933 ஜனவரியில்தான் வெளியேறினார்கள். ஐரோப்பாவில் அரசு ஒதுங்கி நின்றபோதும் அதன் பணம் ஒதுங்கவில்லை. ஜெர்மனியின் போர் இழப்பீட்டுத் தவணைகளை மாற்றியமைத்த 1924-இன் டாஸ் திட்டத்துக்குப் பின் அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தன. ஜெர்மனி அதைக்கொண்டு பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் இழப்பீடு செலுத்தியது. அவ்விரு நாடுகளும் அமெரிக்க அரசுக்குப் போர்க்கடனைத் திருப்பிக் கட்டின. ஏற்றம் இறைக்கும் சாலில் ஓட்டை விழுந்தால் வயலுக்கு நீர் வராததுபோல, 1928-29-இல் அமெரிக்கப் பணம் வால் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பியதும் இந்தச் சுற்று முழுவதும் வறண்டுபோனது. 1931 ஜூனில் ஹூவர் அரசுகளுக்கு இடையிலான போர்க்கடன்களுக்கும் இழப்பீடுகளுக்கும் ஓராண்டு விலக்கு அறிவிக்க நேர்ந்ததன் பின்னணியை அவ்வாண்டின் முதல் தொகுதியில் நாள்வாரியாகப் படிக்கலாம்.

குடியேற்றமும் வெளியுறவும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதற்கு 1924-இன் இரண்டாம் தொகுதி உதவும். ஜப்பானியர் குடியேறுவதை முற்றாகத் தடுக்கும் விதியைச் சட்டத்தில் சேர்த்தால் கடும் விளைவுகள் உண்டாகும் என்று ஜப்பானியத் தூதர் ஹனிஹாரா எழுதிய கடிதம் அதில் உள்ளது. அந்தச் சொற்றொடரையே மிரட்டலாக எடுத்துக்காட்டி செனட்டர்கள் விதியை நிறைவேற்றினார்கள்.

மூன்று காப்பகங்களையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதை விளக்க, வெள்ளி விவகாரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். 1934 ஜூனில் அமெரிக்கா வெள்ளிக் கொள்முதல் சட்டத்தை இயற்றியது. நாட்டின் உலோகப் பண இருப்பில் நான்கில் ஒரு பங்கு வெள்ளியாக ஆகும் வரையிலோ, வெள்ளியின் சந்தை விலை அவுன்ஸுக்கு 1.29 டாலரைத் தொடும் வரையிலோ கருவூலம் வெள்ளியை வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது விதி. 1932 இறுதியில் அவுன்ஸ் 25 சென்ட் அளவில் இருந்த விலை, 1935 ஏப்ரலில் 81 சென்ட் வரை ஏறியது. சட்டத்தின் பாடமும் விலைகளும் ஃப்ரேசரில் உள்ளன. அதை வற்புறுத்தியவர்களில் முதன்மையானவர் நெவாடா மாநிலத்தின் செனட்டர் கீ பிட்மன். வெள்ளி தோண்டும் மேற்கு மாநிலங்கள் ஏழும் மக்கள்தொகையில் சிறியவை. ஆயினும் செனட்டில் அவற்றுக்குப் பதினான்கு வாக்குகள் இருந்தன.

அப்போது வெள்ளியையே நாணய அடிப்படையாகக் கொண்டிருந்த பெரிய நாடு சீனா. விலை ஏறியதும் சீனாவின் வெள்ளி கடல்தாண்டிப் போகத் தொடங்கியது. பணப்புழக்கம் சுருங்கி, உள்நாட்டு விலைகள் வீழ்ந்து, ஷாங்காய் வங்கிகளும் ஆலைகளும் தள்ளாடின. சீன அரசின் வேண்டுகோள்களையும், வெளியுறவுத் துறைக்கும் கருவூலத்துக்கும் இடையே எழுந்த உரசலையும் 1934, 1935-ஆம் ஆண்டுகளின் கிழக்காசியத் தொகுதிகளில் படிக்கலாம். 1934 அக்டோபரில் சீனா வெள்ளி ஏற்றுமதிக்கு வரி விதித்தது; கடத்தல் பெருகியது; 1935 நவம்பரில் வெள்ளியைக் கைவிட்டுக் காகிதப் பணத்துக்கு மாறியது. மஞ்சூரியாவை ஜப்பான் கைப்பற்றியதை ஏற்க மாட்டோம் என்று 1932 ஜனவரி 7 அன்று வெளியுறவுச் செயலர் ஸ்டிம்சன் அறிவித்த அதே அமெரிக்காதான், நான்காண்டுகளுக்குள் தன் சுரங்க மாநிலங்களின் நலனுக்காகச் சீனாவின் நாணயத்தை உடைத்தது. அறிவிப்பு ஒரு தொகுதியில் இருக்கிறது. உடைப்பு இன்னொரு தொகுதியில் இருக்கிறது. பிட்மன் அந்த ஆண்டுகளில் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவராகவும் இருந்தார் என்பதை அறியும்போது, உள்நாட்டுப் பொருளாதாரத்தையும் வெளியுறவையும் தனித்தனிப் பாடங்களாக நடத்துவது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

இதே பிட்மன் பெயரால் அமைந்த 1918-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டோடும் தொடர்புடையது. போரின் கடைசி ஆண்டில் இந்தியாவில் ரூபாய் நாணயம் அடிக்க வெள்ளி போதாமல், காகித நோட்டுகளுக்கு நாணயம் கொடுக்க முடியாத நிலை பிரிட்டிஷ் அரசுக்கு நெருங்கியது. அமெரிக்கக் கருவூலத்திலிருந்த சுமார் 26 கோடி வெள்ளி டாலர் நாணயங்கள் உருக்கப்பட்டு, அந்த வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்திய ரூபாய்களாக மாறியது. விற்ற அளவு வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்தே அவுன்ஸ் ஒரு டாலருக்குத் திரும்ப வாங்கவேண்டும் என்றும் அச்சட்டம் கட்டாயப்படுத்தியது. நாணயவியலில் ஆர்வமுள்ள நண்பர்களுக்கு இந்த ஒரு திரியைப் பிடித்து இரு காப்பகங்களுக்கும் இடையே போய்வருமாறு பரிந்துரைக்கிறேன்.

வெளியுறவுத் தொகுதிகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். துறையின் கோப்புகளில் இருந்தவையே இவற்றில் உண்டு. வாஷிங்டன் மாநாட்டின்போது ஜப்பானியத் தூதுக்குழுவுக்கு டோக்கியோ அனுப்பிய ரகசியத் தந்திகளை அமெரிக்க ரகசியக் குறியீட்டு வல்லுநர் ஹெர்பர்ட் யார்ட்லியின் குழு அவிழ்த்து அமெரிக்கப் பேச்சாளர்களிடம் தந்தது. அந்தத் தந்திகளை அவ்வாண்டுத் தொகுதிகளில் தேடினால் கிடைக்காது. வங்கியாளர்களின் தனிக் கடிதங்களும் இவற்றில் மிகக் குறைவு. ஆகவே 1920-களின் ஐரோப்பாவை இவற்றை மட்டும் கொண்டு புரிந்துகொள்ள முயல்வது போதாது. ஃப்ரேசரிலுள்ள வணிக இதழ்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்று சேவைகளும் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. புகைப்படக் குறிப்புகளின் ஆங்கிலம் எளிது. பள்ளி மாணவர்களே சமாளிப்பார்கள். விசாரணைப் பதிவுகள் பேச்சு வழக்கில் இருப்பதால் அட்டவணைகளைவிட எளிதாக ஓடும். தூதரகத் தந்திகளுக்குத்தான் அக்கால மரபுச் சொற்களோடு சற்றுப் பழக்கம் தேவை. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் ஒரு புகைப்படம், அடுத்து அந்த ஆண்டின் ஃப்ரெட் வரைபடம், பிறகு அந்தக் கொள்கையை உண்டாக்கிய சட்டத்தின் பாடம், கடைசியாக அது பிற நாட்டில் ஏற்படுத்திய விளைவைச் சொல்லும் தந்தி. எடுத்துக்காட்டுக்கு, 1937 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் சாலையில் லாங் எடுத்த படம் பொருத்தமானது. மூட்டையோடு இருவர் நடந்துபோகிறார்கள். அடுத்த முறை ரயிலில் வாருங்கள், ஓய்வாக இருங்கள் என்று சொல்லும் ரயில் நிறுவனத்தின் விளம்பரப் பலகை அவர்களுக்கு அருகில் நிற்கிறது. அந்த வசந்தத்தில் உற்பத்திக் கோடு 1929-இன் உயரத்தை ஒட்டி வந்திருந்தது. சில மாதங்களில் மீண்டும் விழுந்தது. வேளாண் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் விட்டுவிட்டு 1935 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலப் பாடத்தையும் உடன் திறந்து வைத்துக்கொண்டால், அந்த இருவர் பண்ணைக் கூலி தேடிப் போகிறவர்களாக இருந்திருந்தால் அவர்களுக்கு அதில் இடம் இருந்திருக்காது என்பதை மாணவர்கள் தாமே வாசித்துக் கண்டறிவார்கள்.